வேறு கை

மே 4

தூக்கம் வரவில்லை என்று ஹாஸ்டல் டாக்டரிடம் போனேன். மாத்திரை தருவார் என்று பார்த்தால், "தினமும் நாலு வரி எழுதுங்க, மனசு லேசாகும்" என்றார். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார். நன்றாகப் போகிறது என்றேன். "அப்புறம் ஏம்மா தூக்கம் வரல?" என்றார். அது தெரிந்தால் இவரிடம் ஏன் வருகிறேன்?

சரி, எழுதுகிறேன். பெயர் மங்கையர்க்கரசி. பல்கலைக்கழகத்தில் ஆறாம் வருட ஆராய்ச்சி மாணவி. வாழையில் தேமல் என்று ஒரு வைரஸ் நோய் வரும். கண்ணுக்குத் தெரியும்போது பாதித் தோட்டம் போயிருக்கும். அந்த வைரஸின் ஆர்.என்.ஏ வந்து தொட்டால் மட்டும் திறக்கிற மாதிரி ஓர் ஆர்.என்.ஏ பூட்டு செய்கிறோம். பூட்டை ஸ்டிக்கர் பொட்டு அளவு காகிதத்தில் விட்டுக் காயவைத்துவிடுவோம். வைரஸ் இருந்தால் மஞ்சள் காகிதம் ஊதாவாகும். இல்லையென்றால் மஞ்சளாகவே இருக்கும். ஆறு வருடத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியும் என்பது எனக்கே வருத்தமாக இருக்கிறது.

பதினெட்டுப் பூட்டுகள் திறக்கவில்லை. பத்தொன்பதாவது போன வருடம் ஜூனில் திறந்தது, அரை மணிக்குள் நல்ல கத்தரிக்காய் ஊதா. அதற்கு முந்தின மாதம்தான் விடுமுறையில் கரண்ட் போய் ஃப்ரீசர் முழுக்க உருகிக் கிடந்தது. "ஃப்ரீசர் உருகி உன் தலையெழுத்தையும் உருக்கி மாத்திருச்சு" என்று பீர் அண்ணன் இன்றைக்கும் கேலி செய்வார். பீர் முகமது எங்கள் ஆய்வகத்தின் மூத்த ஆள். எனக்கு முன்பே டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, போக மனமில்லாமல் இங்கேயே இருக்கிறார்.

ஐஸ் இயந்திரம் இன்றும் மக்கர். வாசலில் ஜிகர்தண்டா கடையில் ஒரு வாளி ஐஸ் வாங்கி வந்தேன்.

மே 7

மேடம் என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தித் தந்தார். எழுத்து எறும்பு ஊர்வது போல இருக்கிறது. முதல் வருடத்தில் ஒரு பக்கத்துக்கு நாலு வார்த்தை எழுதி, பக்கத்தையே கிழித்துவிடுவது போல் அடிக்கோடு போடுவார். இப்போது பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. பேனா மையில் கூடவா சிக்கனம்?

மேடம், அதாவது என் வழிகாட்டி பேராசிரியர் ஞானசௌந்தரி, ஜூன் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் நான் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாக வேண்டும். இல்லாவிட்டால் வேறு பேராசிரியரின் பெயருக்கு மாற்றி, இன்னும் ஒரு வருடமாவது இழுக்கும். ஜூன் 20 அன்று துணைவேந்தர் தலைமையில் காகிதத்தின் அறிமுக விழா. பத்திரிகைக்காரர்கள் எல்லாம் வருகிறார்களாம். அம்மா அருப்புக்கோட்டையிலிருந்து புதுப் புடவை எடுத்து அனுப்பியிருக்கிறாள், ஊதா நிறத்தில். எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது.

மே 9

ஐஸ் இல்லை. கரண்ட் இல்லை. வேலை இல்லை.

மே 12

ஒரு வேடிக்கை. விழாவில் காட்டுவதற்காகக் காகிதங்களைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஐந்து பொட்டுகளில் வைரஸ் ஆர்.என்.ஏவை விட்டேன். ஐந்தும் ஊதா. பிறகு உறையைப் பார்த்தால் அது பத்தொன்பது இல்லை, நான்கு. நான்காம் பூட்டு என்றைக்குமே திறந்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் செத்துப்போன பூட்டு அது.

யாரோ உறையை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். உறைகளை ஒழுங்காக அடுக்க வேண்டும் என்று எழுதி ஃப்ரீசர் கதவில் ஒட்டினேன்.

மே 13

நான்காம் எண்ணை மறுபடி செய்து பார்க்கலாம் என்று நினைத்தேன். கையுறை தீர்ந்துவிட்டது.

மே 14

கையுறை வந்துவிட்டது. தலைவலி.

மே 17

புகைப்படக்காரர் வந்தார். மேடம் காகிதத்தைக் கையில் பிடித்தபடி ஒரு படம் வேண்டும் என்றார். மேடம் கையை முந்தானைக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை. "உழைச்சது அவ. அவளப் பிடிக்கச் சொல்லுங்க" என்றார். எனக்குப் பெருமையில் முகம் சிவந்துவிட்டது. பீர் அண்ணன் பின்னால் நின்று, "பாத்து, பொட்ட விட உன் கண்ணு பெருசா வந்துரப் போகுது" என்றார்.

படம் முடிந்து டீ வந்தது. மேடம் கோப்பையைத் தொடவில்லை. ஆறிப்போன டீயை நான்தான் குடித்தேன்.

மே 20

சோழவந்தான் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். பெயர் சின்னக்கருப்பன். பத்திரிகையில் என் படத்தைப் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறி வந்திருக்கிறார். கையில் மஞ்சள் பையில் வாழை இலை, ஈரத் துணியில் சுற்றி.

"தாய்த் தோட்டம்மா. இதுல இருந்து பக்கக்கன்னு எடுத்து மச்சினனுக்கும் குடுக்கப் போறேன். நோவு இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லு."

தோட்டத்து இலையில் நாங்கள் இன்னும் முறையாகச் சோதிக்கவில்லை. இதுவரை எல்லாம் ஆய்வகத்தில் நாங்களே செய்த வைரஸ் ஆர்.என்.ஏவில்தான். அதை அவரிடம் சொன்னேன். "பரவால்ல, பாரும்மா" என்றார். இலையை இடித்து, சாற்றைச் சூடாக்கி ஒரு பொட்டில் விட்டேன். அரை மணி உட்கார்ந்திருந்தோம். மஞ்சள்.

"நோய் இல்லைங்க" என்றேன். அவர் கும்பிட்டார். அந்தப் பொட்டைக் கேட்டார். வீட்டில் காட்ட வேண்டுமாம். சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்து, மேலே தட்டிக்கொண்டு போனார். ஒருவருக்காவது உபயோகமாக இருந்தேன் என்று சந்தோஷமாக இருந்தது.

மே 24

பீர் அண்ணனோடு சாப்பிட்டேன். பேச்சு எங்கள் ஆய்வகத்தின் 'வேற கை' பழக்கத்தைப் பற்றிப் போனது. இங்கே ஒருவருக்கு ஒரு முடிவு கிடைத்தால் அதை அவர் சொல்லி யாரும் நம்ப மாட்டோம். வேறொருவர் முதலிலிருந்து செய்து, அவருக்கும் அதுவே வர வேண்டும். முதலில் என்றால் தண்ணீர் காய்ச்சுவதிலிருந்து. முன்பெல்லாம் மேடம்தான் எல்லோருக்கும் வேறு கை. மருமகள் வைத்த குழம்பைச் சோதிக்கிற மாமியார் மாதிரி வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்காருவார். இரண்டு வருடமாக வருவதில்லை. கண்ணாடி பவர் மாறிவிட்டதாம், பீர் பார்த்துக்கொள்ளட்டும் என்றுவிட்டார்.

"பத்தொன்பது வந்தப்ப நீங்க எல்லாத்தையும் மொதல்ல இருந்து செஞ்சீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"செஞ்சேனே. காகிதத்துல நெறம் வர வைக்கிற சாறு, காகிதம், பூட்டு எல்லாம் நானே பண்ணுனது."

"வைரஸ் ஆர்.என்.ஏ?"

அவர் எலும்பை ஒதுக்கி வைத்தார். "அது உன் குழாய்தான். அதப் பண்ண மூணு நாள் ஆகும்ல. மக வேற காய்ச்சல்ல கெடந்தா. ஏன்?"

"சும்மாதாண்ணே."

சும்மாதான் கேட்டேன்.

மே 25

ஒன்றும் செய்யவில்லை. ஃப்ரீசரைச் சுத்தம் செய்தேன். டி.என்.ஏஸ் குழாய் அடியில் கிடந்தது. அது டி.என்.ஏவைத் தின்று தீர்க்கும் நொதி. ஃப்ரீசர் உருகியபோது மற்ற நொதிகளை எல்லாம் தூக்கிப் போட்டோம். இதை மட்டும் பார்க்க நன்றாக இருக்கிறதே என்று வைத்துக்கொண்டோம். நொதி கெட்டால் ஊசின சாம்பார் போல நாறவா போகிறது?

திரும்ப அங்கேயே வைத்தேன்.

மே 30

ஐந்தாம் அத்தியாயம் முடிந்தது. அம்மா போனில், "முடிஞ்சதா?" என்றாள். முடிந்தது என்றேன். "பெறகு ஏன்டி குரல் இப்பிடி இருக்கு?" என்றாள். ஏசி காற்று என்றேன். ஏசி ஓடி மூன்று வாரமாகிறது.

ஜூன் 6

காலையில் சின்னக்கருப்பன் போன் செய்தார். கோபமாகக்கூட இல்லை, அழுகிற குரல்.

"தண்டுல செவப்புக் கோடு கோடா விழுந்துருச்சும்மா. வேளாண்ம ஆபிசரு வந்து தேமலுதான்னுட்டாரு. மச்சினனுக்குக் கன்னு குடுத்து ஊண்டியாச்சு. நீ இல்லன்னுதான சொன்ன?"

நான் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. மன்னிச்சுக்கங்க என்று சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"நீ குடுத்த பொட்டுகூட கலரு மாறிப் போச்சு, சட்டப் பையிலயே" என்றார். வேர்வையாக இருக்கும். வெற்றிலை போடுகிறவர், சாறு பட்டிருக்கும். போனை வைத்த பிறகு வெகுநேரம் கழிவறையில் நின்றுகொண்டிருந்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. மே 12ஆம் தேதியிலிருந்தே பயமாக இருக்கிறது. இதை எழுதவே இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

ஜூன் 8

செய்து பார்த்துவிட்டேன்.

புரியும்படி எழுதுகிறேன், நாளைக்கு நானே என்னை ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்க. வைரஸின் துண்டை நாங்கள் ஒரு டி.என்.ஏ வளையத்துக்குள் வைத்துப் பெருக்குகிறோம். அந்த வளையத்தைப் பார்த்துத்தான் ஆர்.என்.ஏ செய்கிறோம். வேலை முடிந்ததும் டி.என்.ஏஸ் விட்டு வளையத்தை அழித்துவிட வேண்டும். ஏனென்றால் அந்த வளையத்திலேயே ஊதா நிறத்துக்கான ஜீனும் இருக்கிறது. வளையம் மிச்சமிருந்தால் பூட்டைத் திறக்கவே வேண்டியதில்லை. காகிதம் தானாக ஊதாவாகிவிடும்.

இன்று வைரஸுக்குப் பதிலாக, வாழையின் சொந்த ஜீன் ஒன்றை அதே வளையத்தில் வைத்து, அதே டி.என்.ஏஸ் விட்டு, அதே மாதிரி ஆர்.என்.ஏ செய்தேன். நோயே இல்லாத ஆர்.என்.ஏ. பத்தொன்பதாம் பூட்டில் விட்டேன். அரை மணிக்குள் ஊதா. அதே கத்தரிக்காய் ஊதா. ஃப்ரீசர் உருகியபோதே டி.என்.ஏஸ் செத்திருக்கிறது, வளையம் அழியவே இல்லை.

ஒரு வருடமாக நாங்கள் கன்ட்ரோல் என்று ஒப்பிட்டுச் சரிபார்த்ததெல்லாம் வெறும் தண்ணீரை வைத்து. தண்ணீர் மஞ்சளாகத்தான் இருக்கும். தண்ணீருக்குள் வளையம் எங்கே இருக்கிறது?

ஐஸ் வாளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். கையுறையைக் கழற்றாமல் கண்ணைத் துடைத்தேன். ஆறு வருடத்தில் அப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை.

ஜூன் 9

பீர் அண்ணனிடம் காட்டினேன். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்றைக்குக் கேலி வரவில்லை.

"விழாவுக்கு இன்னும் பதினஞ்சு நாளு கூட இல்ல மங்க. விழா முடியட்டும். பெறகு சத்தமில்லாம திருத்திக்கிருவோம்."

"ஆய்வேடு?"

"சப்மிட் பண்ணிட்டுத் திருத்துவோம். யாரு வந்து பாக்கப் போறா?"

"சோழவந்தான்ல ஒருத்தரு பாத்துட்டாரேண்ணே."

அவர் முகம் விழுந்துவிட்டது. காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, "குழாய நான் உன்ட்ட வாங்கிருக்கக் கூடாது" என்றார். "கை மட்டுந்தான் மாறுச்சு. தப்பு அப்பிடியே வந்துருச்சு." அவர் மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. குழாயைக் கொடுத்தபோது நானும்தான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் மிச்சம் என்று எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூன் 10

மேடத்தின் அறை வாசல் வரை போனேன். உள்ளே ஆள் இருந்தது. ஆள் போன பிறகும் போகவில்லை.

ஜூன் 11

போனேன். இரண்டு காகிதங்களையும் மேசையில் வைத்தேன். வைரஸ், ஊதா. வாழை, ஊதா. சொல்லத் தொடங்கினேன். அவர் பாதியிலேயே புரிந்துகொண்டார்.

"கன்ட்ரோலுக்குத் தண்ணி மட்டுமா வச்ச?"

"ஆமா மேடம்."

"பீரு?"

"அண்ணனும் தண்ணிதான். என் குழாய்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றும்போது முந்தானைக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்தது. ஆடிக்கொண்டிருந்தது. குளிரில் நடுங்குவது போல இல்லை. அது பாட்டுக்கு, எதையோ உருட்டிக்கொண்டே இருப்பது போல, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நிற்கவே இல்லை. கண்ணாடி மேசையில் டக் டக்கென்று தட்டியது.

நான் பார்ப்பதை அவர் பார்த்தார். மறைக்கவில்லை.

"ரெண்டு வருசமாச்சு" என்றார். "நரம்பு டாக்டரு மாத்திர குடுத்திருக்காரு. கண்ணாடி பவருன்னு உங்கள்ட்ட சொன்னேன். வெக்கமா இருந்துச்சு. முன்ன மாதிரி நானே வந்து உக்காந்திருந்தா தண்ணியில இருந்து ஆரம்பிச்சிருப்பேன். இது அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

"மேடம், தப்பு என்னோடது."

"உன்னோடதுதான். என்னோடதும்தான். பங்கு பிரிக்க இப்ப நேரமில்ல."

என் முன்னாலேயே போனை எடுத்துத் துணைவேந்தர் அலுவலகத்துக்குப் பேசினார். "வணக்கம் சார், ஞானசௌந்தரி. இருவதாந்தேதி விழா வேண்டாம். இல்ல சார், தள்ளி வைக்கல. ரத்து. எங்க முடிவு தப்பா இருக்கு. ஆமா சார், ஜர்னல்ல வந்த கட்டுரையையும் திரும்ப வாங்கிருவோம்." அந்தப் பக்கம் சத்தமாகக் கேட்டது. மேடம் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். போன் அவர் கம்மலில் மோதிக்கொண்டே இருந்தது.

அவ்வளவு சின்ன எழுத்து, குடிக்காத டீ, முந்தானை. எல்லாவற்றையும் நானே இதில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

ஜூன் 12

சின்னக்கருப்பனுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். காகிதம் சரியில்லை, அன்றைக்கு நான் சொன்னது தப்பு, மச்சினன் தோட்டத்துக் கன்றுகளையும் பிடுங்கி எரித்துவிடுங்கள். அவர் திட்டினார். முழுக்கக் கேட்டேன். கடைசியில், "படிச்ச புள்ளன்னு நம்புனேன் பாரு" என்று வைத்துவிட்டார்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 16

புது டி.என்.ஏஸ் வந்தது. புதிதாக ஆர்.என்.ஏ செய்தேன், வைரஸும் வாழையும். வளையம் மிச்சமில்லை என்று பார்த்துக்கொண்டேன். பத்தொன்பதில் விட்டேன். அரை மணி கழித்து எல்லாம் மஞ்சள்.

அதாவது பத்தொன்பதும் செத்த பூட்டு. பத்தொன்பது பூட்டு, ஆறு வருடம், ஒன்றுகூடத் திறக்கவில்லை. காகிதங்களைக் குப்பையில் போட்டுவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை. கால் வலித்தது, அவ்வளவுதான்.

ஜூன் 17

மேடத்திடம் சொன்னேன், பத்தொன்பதும் இல்லை, ஊருக்குப் போகிறேன் என்று. அவர் எழுந்து கொக்கியிலிருந்த பழைய கோட்டை எடுத்தார். தோளில் தூசி.

"இது ஒரு கை சொன்னது" என்றார். "நல்லதுன்னாலும் கெட்டதுன்னாலும் வேற கை பாக்கணும். நான் பாக்குறேன்."

"மேடம், உங்க..."

"தெரியும்டி. நீ எதையும் தொடாத. பீரும் தொடக் கூடாது. நான் தண்ணியில இருந்து ஆரம்பிக்கிறேன். நாலு நாளு ஆகும். அதுக்குப் பெறகு ஊருக்குப் போ."

டீ போடக்கூட இவரால் மூடியைத் திறக்க முடியாது. எனக்குக் கோபம்தான் வந்தது. தோற்றதைத் தோற்றது என்று விட மாட்டார்களா?

ஜூன் 21

இதை அவசரமில்லாமல் எழுத வேண்டும்.

நாலு நாள் மேடம் ஒற்றை ஆளாக வேலை செய்தார். மூன்று குழாய் கவிழ்ந்தது. ஒவ்வொரு தடவையும், "சரி, மறுபடி" என்றார். துளி விடுகிற பைப்பெட்டைப் பிடித்த வலது கையை இடது கையால் மேசையோடு அழுத்திக்கொள்வார். நானும் பீர் அண்ணனும் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தோம். எழுந்து உதவி செய்துவிடுவோமோ என்று எங்களுக்கே பயம்.

இன்று காலை காகிதங்களில் விட்டார். எட்டுப் பொட்டுகள். வைரஸ் நான்கு, வாழை இரண்டு, தண்ணீர் இரண்டு, மாற்றி மாற்றி. நான் செய்தால் எட்டையும் விட்டு முடிக்க ஐந்து நிமிடம். மேடத்துக்கு ஒவ்வொரு துளியும் பொட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. புதுக் காகிதம் எடுத்து, மறுபடி குறிபார்த்து, சில சமயம் கை நிற்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டு மறுபடி. நடுவில் மாத்திரை போட நேரமாகிவிட்டது. பீர் அண்ணன் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அது மட்டும் அனுமதி. மாத்திரை வேலை செய்யக் கொஞ்ச நேரம் ஆகும் என்று சாய்ந்து உட்கார்ந்தார். துளி விட்ட காகிதங்கள் சூட்டுப் பெட்டிக்குள், மனித உடம்பின் சூட்டில் இருந்தன. சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

எட்டாவது பொட்டில் துளி விழுந்தபோது பீர் அண்ணன்தான் சொன்னார். "மங்க, மொதப் பொட்டப் பாரு."

குனிந்து பார்த்தேன். மஞ்சள் இல்லை. ஊதா என்றும் சொல்ல முடியாது. சாயம் போன துணி மாதிரி, ஓரத்தில் மட்டும் ஒரு வெளுத்த ஊதா. இரண்டாவது வைரஸ் பொட்டிலும் அதே. மூன்றாவதில் இப்போதுதான் தொடங்குகிறது. காலையிலேயே விட்ட வாழைப் பொட்டு நல்ல மஞ்சள். தண்ணீரும் மஞ்சள்.

மேடம் கண்ணாடியைக் கேட்டார். நான் மாட்டிவிட்டேன். சாயங்காலம் வரை நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருந்தோம். வைரஸ் பொட்டு நான்கும் ஒன்றன் பின் ஒன்றாக ஊதாவாயின. வாழை அசையவே இல்லை.

பூட்டு திறக்கிறது. மெதுவாகத் திறக்கிறது. வளையத்தின் அவசர ஊதாவைப் பார்த்துப் பழகிய நான் அரை மணியில் குப்பையில் போட்டிருக்கிறேன். இவர் கை ஆடியதால் காகிதம் காத்திருந்தது.

"என் கையி நடுங்குனது இதுல தெரியுதா?" என்று கேட்டார் மேடம்.

"இல்ல மேடம்."

"ரொம்பச் சந்தோசப்படாத. இதுவும் ஒரு கைதான். நீ முழுசா மறுபடி பண்ணணும். ஜூன் முப்பதுக்குள்ள முடியாது. ஒரு வருசம் போகும், தெரியும்ல?"

"தெரியும் மேடம்." எனக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை கையுறையைக் கழற்றிவிட்டுத் துடைத்தேன்.

பேருந்தில் திரும்பும்போதுதான் ஞாபகம் வந்தது. சின்னக்கருப்பனின் சட்டைப் பை.

ஜூன் 22

சோழவந்தானுக்குப் போனேன். அடிப்பார்களோ என்றுகூட நினைத்தேன். சின்னக்கருப்பன் தோட்டம் வெட்டவெளியாகக் கிடந்தது. ஒரு மூலையில் சாம்பல். அவர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அந்தப் பொட்டு இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அழிச்சிரலாம்னு பாக்குறியா? உன் மேல கேசு போடணும்னு பத்திரமா வச்சிருக்கேன்."

"அழிக்க மாட்டேன். பாக்கணும்."

ரேஷன் கார்டு வைத்திருந்த பையிலிருந்து எடுத்து வந்தார். நான் கொடுத்த அதே உறை. உள்ளே பொட்டு காய்ந்து சுருங்கியிருந்தது. வெளுத்த ஊதா. நேற்று மேடத்தின் பெட்டியில் பார்த்த அதே நிறம்.

"எப்ப மாறுச்சுங்க இது?"

"அன்னைக்கே. வீட்டுல காட்டலாம்னு சாயந்தரம் எடுத்தேன், இப்பிடி இருந்துச்சு. நீதான் நோவு இல்லன்னுட்டியே, வேர்வையில மாறியிருக்கும்னு உள்ள வச்சுட்டேன்."

அவர் பேருந்தில் போகும்போதே, அவர் நெஞ்சுச் சூட்டில், காகிதம் சரியான பதிலைச் சொல்லிவிட்டது. கன்று நடுவதற்கு முன்பே. நான்தான் அரை மணியில் வாயைத் திறந்துவிட்டேன்.

அதை அவரிடம் அப்படியே சொன்னேன். காகிதம் தப்புச் சொல்லவில்லை, நான்தான் தப்பாகச் சொன்னேன் என்று. அவர் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப இது வேல செய்யுது?"

"செய்யுதுங்க. மெதுவா."

"மச்சினன் ஊட்டுக்குப் பக்கத்துல இன்னொரு தோட்டம் இருக்கு" என்றார். "எல கொண்டாந்தா பாப்பியா?"

"பாக்குறேன். சாயந்தரம் வரைக்கும் இருக்க வேண்டியிருக்கும்."

"இருப்போம். வேற என்ன சோலி கெடக்கு?" என்று அந்த வெட்டவெளியைப் பார்த்தார். உறையைத் திருப்பித் தரவில்லை. ரேஷன் கார்டு பையிலேயே வைத்துக்கொண்டார். நானும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் மேடத்துக்குப் போன் செய்து சொன்னேன். மகிழ்ச்சியில் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"அது கணக்குல வராது" என்றார். "கன்ட்ரோல் எங்க இருக்கு? நாளைக்கு நேரத்தோட வா. தண்ணியில இருந்து ஆரம்பி."

சரி மேடம் என்றேன். அம்மாவுக்கும் போன் செய்து, இன்னும் ஒரு வருடம் ஆகும் என்று சொல்லிவிட்டேன். அவளும் திட்டினாள். பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மதுரை வந்ததே தெரியவில்லை, கண்டக்டர் தட்டி எழுப்பினார்.